அழுவதற்கு அழைத்தவன்

மலையடிவாரத்தில் தாயில்லாத கைக்குழந்தைகளுக்காக ஒரு இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் மதலேன் அம்மா. அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தவன் சந்தியாகு. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என்றாலும் அவன் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

அங்கே வருமுன் அவன் ஜவுளிக்கடையில் நின்றவன். கைக்குட்டை வாங்க வந்தவரைப் பட்டுப்புடவையோடு அனுப்புகிற வாய் அவனுக்கு. அந்த வாயைத்தான் இல்லத்துக்கும் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போவான். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒரு குழந்தையின் கதையைச் சொல்வான். கேட்டவர்கள் அழுவார்கள். அழுதவர்கள் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மறுபடி அதே வாசலுக்குப் போனால், அதே ஆட்கள் அவனைக் கண்டதும் அவசரமாகச் செருப்பைத் தேடுவார்கள்.

அதனால் அவனுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புது வாசல் வேண்டியிருந்தது. புது வாசல் கிடைக்காவிட்டால், முந்தியதைவிடச் சோகமான கதை வேண்டியிருந்தது.

புரட்டாசிக் கடைசியில் பிடித்துக்கொண்ட மழை விடவில்லை. அவனால் எங்கும் போக முடியவில்லை. பால்காரர் பழைய பாக்கியைச் சொல்லிக்காட்டி, பாதிப் பால்தான் ஊற்றினார். இப்படியே போனால் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைகள் இரண்டையும் நகரத்து இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று மதலேன் அம்மா சொன்னார். அங்கே வரிசையாகத் தொட்டில்கள், ஒரே ஒரு ஆயா. பிள்ளை அழுதால் தூக்குவதற்குள் அழுகை தானாக நின்றுவிடும். அது எல்லோருக்கும் தெரியும்.

அன்று சந்தியாகு கேட்டான்.

“ஒரு தடவை அழுதவங்களை எப்பவும் நம்மகூட நிக்க வைக்கிறது எப்படிம்மா?”

மதலேன் அம்மா ஈரம் காயாத துணிகளை உதறிக்கொண்டிருந்தார்.

“அழுதவங்கள்ல யாரை உனக்கு நல்லா ஞாபகம் இருக்கு?”

அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தவக்காலத்தில் ஒரு ஊரில் பிலோமியின் கதையைச் சொன்னான். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை. பால் குடிக்கும்போதே உதடு நீலம் பாரித்துவிடும். அதைக் கேட்டு, இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் படியேறி வந்தாள். தன் பிள்ளையின் காலில் கிடந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். பிள்ளை வெறுங்காலை உதைத்துக்கொண்டு கத்தியது.

“அதையும் அடுத்த ஊர்ல சொன்னேன்மா. பிலோமி கதையைவிடக் கொலுசுக் கதைக்கு ஜாஸ்தியா அழுதாங்க.”

“அவ பேரு?”

“கேக்கலை.”

“வீடு?”

“கோயிலுக்குப் பின்னாடித் தெருன்னு யாரோ சொன்னாங்க.”

“போய்ப் பாத்துட்டு வா. நீ எதுவும் கேக்காத. அவ கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

சந்தியாகு போனான். தெருமுனையில் நின்றவர்களிடம், பிள்ளையின் கொலுசைக் கழற்றிக் கொடுத்த அம்மா வீடு எது என்று விசாரித்தான். அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜெசிந்தா வீடா, அவ வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் சோறு தின்கிறார் என்று ஒருவர் சிரித்தார்.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். இடுப்பில் அதே பிள்ளை. அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். உட்காருங்கள் என்று சொல்லக்கூட மறந்துபோனாள்.

“பிலோமி எப்படி இருக்கா, பிரதர்?”

பிலோமி ஆடி மாதமே இறந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடக்கம். அந்த நேரத்தில் சந்தியாகு வேறொரு கோயில் வாசலில் நின்று பிலோமிக்காகப் பேசிக்கொண்டிருந்தான். திரும்பி வந்தபோது மண் மூடியிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வேறொரு பிள்ளையின் கதையை எடுத்துக்கொண்டான்.

பஸ்ஸில் வரும்போது எத்தனையோ பேச்சைத் தயார் செய்திருந்தான். இந்தக் கேள்விக்கு மட்டும் எதுவும் இல்லை. அவளோ அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயம் போகுமா என்று கேட்டால், துணியைப் பார்க்காமலே போகாது என்று சொல்லிப் பழகிய வாய் அது.

“நல்லா இருக்கா. நடக்க ஆரம்பிச்சிட்டா.”

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே ஓடி, தன் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன கவுன் ஒன்றை எடுத்து வந்தாள். மஞ்சள் நிறம், ஒரு கறைகூட இல்லை. இதைப் பிலோமிக்குப் போட்டுவிடச் சொன்னாள். அவள் நடப்பதைப் பார்க்க வருவேன் என்றாள். மாதாமாதம் வருவேன், எங்க வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வருவேன் என்றாள்.

இல்லத்துக்குத் திரும்பிய சந்தியாகு நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். கடைசியில் அவன் குரலில் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

“நான் எதுவும் கேக்கலைம்மா. மாசாமாசம் வர்றேன்னு அவளாத்தான் சொன்னா.”

மதலேன் அம்மா கவுனைக் கையில் வாங்கவில்லை.

“யாரைப் பாக்க வருவா?”

அவன் கவுனைத் திரும்ப மடித்தான்.

“நாளைக்கு முதல் பஸ்ஸுக்கே போயிரு.”

அவன் மன்றாடினான். அவள் பயந்த சுபாவம், கைப்பிள்ளைக்காரி, தாங்க மாட்டாள் என்றான். கொஞ்ச நாள் போகட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். மதலேன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, பால் புட்டிகளைக் கொதிக்க வைக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவன் வாசலில் நின்றபடியே சொன்னான். கவுனை நீட்டினான். ஜெசிந்தா வாங்கவில்லை. எப்போது என்று மட்டும் கேட்டாள். ஆடியில் என்றான்.

பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் மெதுவாகத்தான் பேசினாள்.

“இவளுக்கு வீசிங் இருக்கு, பிரதர். ராத்திரியில மூச்சு இழுக்கும்போது எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. செபமாலையை எடுத்துக்குவேன். இவ பேரோட சேத்து பிலோமி பேரையும் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் மூச்சைக் குடு மாதாவேன்னு. நேத்து ராத்திரிகூடச் சொன்னேன்.”

உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான் யாருக்கும் சொல்லவில்லை என்றான் சந்தியாகு.

“அழக் கூப்பிட்டீங்க, வந்தோம். அடக்கத்துக்குக் கூப்பிடலையே.”

பிள்ளை விழித்துவிடாதபடி கதவை மெல்லச் சாத்தினாள்.

அவன் திரும்பி வந்து, உண்மையைச் சொல்லப்போய், இருந்த ஒருத்தியும் போய்விட்டாள் என்றான். அந்த வாரக் கடைசியில் நகரத்திலிருந்து வேன் வந்தது. இரண்டு பிள்ளைகளையும் சந்தியாகுதான் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினான். ஒன்று தூங்கிக்கொண்டே போயிற்று. இன்னொன்று அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. இல்லத்துக்குப் பின்னால் சின்னச் சின்னக் கல்லறைகள் இருந்தன. அங்கே மெழுகுவர்த்தி ஏற்ற வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. அன்று மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். கையில் செவ்வந்திப் பூவும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் வைத்திருந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை.

“பிலோமி எங்க இருக்கா?”

சந்தியாகு முன்னால் நடந்தான். மண்மேடுகளுக்கு நடுவில் போய் நின்றான். மழையில் மேடுகள் கரைந்து கிடந்தன. சிலுவைகள் சாய்ந்திருந்தன. ஒன்றின் பக்கம் போனான், தயங்கினான், இன்னொன்றின் பக்கம் போனான். பிலோமியின் நீல உதட்டையும் நீண்ட இமைகளையும் எத்தனையோ வாசல்களில் சொன்னவனுக்கு, அவள் எங்கே கிடக்கிறாள் என்று தெரியவில்லை.

மதலேன் அம்மா பின்னாலிருந்து வந்து ஒரு மேட்டருகே உட்கார்ந்தார். ஜெசிந்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. புல்லைப் பிடுங்கினாள். சிலுவையை நிமிர்த்தி, சுற்றி மண்ணை அழுத்தினாள். மெழுகுவர்த்தி காற்றில் அணைய அணையத் திரும்ப ஏற்றினாள். மிச்சமிருந்த மெழுகுவர்த்திகளைப் பக்கத்து மேடுகளில் வைத்தாள்.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, இப்போது இங்கே என்ன கஷ்டம் என்று கேட்டாள்.

“ஒரு பிள்ளை, அது பொறந்த அன்னைக்கே...” என்று சந்தியாகு குரலை இறக்கித் தொடங்கினான்.

“பால் பத்தலை,” என்றார் மதலேன் அம்மா. “ரெண்டு பிள்ளைங்களை அனுப்பிட்டேன்.”

ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எங்க தெருவுல வீட்டுக்கு வீடு கறவை மாடு நிக்குது. அழுற மாதிரி சொன்னீங்க, அழுதோம். பால் வேணும்னு யாருமே சொல்லலையே.”

இரண்டு முறை அந்தத் தெருவில் மாடுகளுக்கு ஒதுங்கி நடந்தவன் சந்தியாகு.

முன்னாலேயே தெரிந்திருந்தால் என்று அவள் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். செல்போனை எடுத்துப் பார்த்தாள். நேரமாகிறது என்று கும்பிட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கீழே ரோட்டை நோக்கிப் போனாள். சந்தியாகு அவள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவ திரும்பி வருவாளாம்மா?”

“இன்னைக்குப் பிள்ளையை ஏன் தூக்கிட்டு வரலை?”

“கேக்கலை.”

“பஸ் இன்னும் வந்திருக்காது,” என்றார் மதலேன் அம்மா.