இடமாற்றம் வாங்கிய மிதவை

முன்னொரு காலத்தில், இரண்டு கரைகளுக்கு நடுவே இருந்த ஒரு கடலில் எல்லையைக் காட்டுவதற்காக ஒரு சிவப்பு மிதவை நின்றது. மிதவைக்கு இந்தப் பக்கம் இந்தக் கரைக்காரர்களின் கடல், அந்தப் பக்கம் அந்தக் கரைக்காரர்களின் கடல். இரு கரை ரோந்துப் படகுகளும் அதை மட்டும் பார்த்துத்தான் சட்டம் பேசும். அதனால் மிதவைக்குத் தான் பெரிய அதிகாரி என்று நினைப்பு.

இந்தக் கரையில் அலங்காரி என்றொரு ஃபைபர் படகு இருந்தாள். சின்ன உடம்பு, நீள வாய். விடியற்காலையில் போய் வலை விரித்து, வெயில் ஏறுவதற்குள் சாளையும் நண்டுமாகத் திரும்பிவிடுவாள். அந்தக் கரையிலிருந்து மகாசமுத்திரன் என்ற விசைப்படகு வருவான். மிதவையைப் பார்த்தும் பாராததுபோல் உள்ளே நுழைந்து, கடலடியைத் துடைப்பம் போட்ட மாதிரி வாரிக்கொண்டு போவான். ஒருநாள் அலங்காரியின் வலையையும் சேர்த்தே வாரிவிட்டான்.

"அண்ணே, அது என் வலை," என்றாள் அலங்காரி.

"அப்படியா? பாசின்னு நினைச்சேன்."

"பாசிக்கு யாராவது மிதப்புக் கட்டை கட்டுவாங்களா?"

"யார் எதுக்கு என்ன கட்டுறாங்கன்னு எனக்கென்ன தெரியும், பிள்ளே," என்று சொல்லிவிட்டு அவன் புகையை ஊதிக்கொண்டு திரும்பினான்.

திரும்பிய அவசரத்தில் அவனுடைய வலை மிதவையின் சங்கிலியில் மாட்டியது. அடியில் கட்டியிருந்த கல் அறுந்து எங்கோ போயிற்று. அவன் இழுத்த இழுப்பில் மிதவை அலங்காரியின் ஊர்க் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து, பாறை இடுக்கில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை அலங்காரி பத்துத் துடுப்பு தூரம்கூடப் போகவில்லை. அவள் ஊர் ரோந்துப் படகே வழி மறித்தது.

"எங்கே கிளம்பிட்டே? மிதவையைத் தாண்டினா அந்நியக் கடல்."

"ஐயா, நேத்து வரைக்கும் இது நம்ம கடல்தானே?"

"நேத்து மிதவை இங்கே இல்லை."

அதற்கு அப்பால் மகாசமுத்திரன் சட்டப்படி மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து ஹாரன்கூட அடித்தான்.

மூன்று நாள் அலங்காரி மணலில் கிடந்தாள். நண்டுகள் அவளுக்கு அடியில் குடித்தனம் வைத்தன. ஊர்ப் பூனைகள் வந்து, ஏமாந்துபோய், அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போயின. பூனைகளின் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நான்காம் நாள் உச்சிவெயிலில், ரோந்துப் படகு டீசல் போடப் போன நேரம், அவள் மிதவையிடம் போனாள்.

"சார், உங்களுக்கு இடமாற்றம் வந்திருக்கு."

மிதவை நிமிர்ந்தது. "பதவி உயர்வோடயா?"

"பின்னே? துறைமுக வாசல்ல போஸ்டிங்."

"வழியில குலுக்காம கூட்டிட்டுப் போ," என்றது மிதவை.

அவள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய், மகாசமுத்திரனின் துறைமுக வாசலிலேயே அதை நிறுத்தினாள். சங்கிலியை அங்கிருந்த கம்பத்தில் சுற்றிவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

மாலையில் மகாசமுத்திரன் வயிறு நிறைய மீனோடு வந்தான். அவனுடைய கரை ரோந்துப் படகு குறுக்கே நின்றது.

"அந்நியப் படகு உள்ளே வரக் கூடாது."

"நான் இந்த ஊர்க்காரன். அதோ தெரியுதே, அந்த மேடையிலதான் என்னைக் கட்டினாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நீ மிதவைக்கு வெளியே இருக்கே."

இரண்டு நாளில் ஐஸ் கரைந்தது. மீன் நாறியது. மோப்பம் பிடித்து வந்த காக்கைகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. மூன்றாம் நாள் அவன் அலங்காரியைத் தேடி வந்தான்.

அவனிடம் சொல்லிக்காட்ட அவள் நல்லதாக ஏழெட்டு வார்த்தை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அவன் புகைக்குழாய் தொங்கிப்போயிருந்தது.

"தங்கச்சி," என்றான். "வீடு கண்ணுக்குத் தெரியுது. உள்ளே போக முடியலை."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அண்ணே."

"உன் வலை என்கிட்டேதான் இருக்கு. கிழிஞ்சதைத் தச்சுத் தந்துடறேன்," என்றான்.

இருவரும் போய் மிதவையை அவிழ்த்தார்கள். அது மறுபடி இடமாற்றமா என்று முணுமுணுத்தது. அடியில் கட்டக் கல் இல்லை. கனமான பொருளாக இருந்தது, வலையின் வாயை விரித்துக் கடலடியைச் சுரண்டும் மகாசமுத்திரனின் இரும்புப் பலகை ஒன்றுதான். அவன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பலகை இல்லாமல் அவனால் அப்படி வார முடியாது. பெருமூச்சு விட்டு, அதையே சங்கிலியில் கோர்த்தான்.

மகாசமுத்திரனின் துறைமுகத்திலிருந்து நடுக்கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். பழைய இடத்துக்கு இன்னும் அரை மைல் இருந்தது. மகாசமுத்திரன் நின்றான்.

"இங்கேயே போட்டுடலாம். பலகை ரொம்பக் கனக்குது."

அந்த அரை மைல் கடல் இனி யார் பக்கம் என்பது அலங்காரிக்குப் புரிந்தது. அவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். பலகை மூழ்கிற்று.

மிதவை அக்கம்பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமியது. "என் பழைய இடம் இன்னும் கொஞ்சம் தள்ளி அல்லவா?"

"நீங்க சும்மா இருங்க சார்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.