சங்கிலிமுத்து திருப்பித் தந்த அண்டா

எனக்குத் துரோகம் செய்தவன் சுள்ளிக்குளத்து நாட்டாமை சங்கிலிமுத்து. அவன் பெயரை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கோபத்தில் பிறகு மறந்துவிடக் கூடாது.

ஆடிக் கூழ் காய்ச்ச என் பித்தளை அண்டாவைக் கேட்டு வந்தான். மூன்று மரக்கால் அரிசி வேகும் அண்டா.

"ஆவணி பத்தாம் தேதி என் மக வள்ளிமயிலுக்குக் கல்யாணம். அதுக்குள்ள வந்துரணும். வெறும் பாத்திரமாத் திருப்பித் தரக் கூடாது, வழக்கம் தெரியும்ல?" என்றேன். ஒரு பிடி அரிசியோ, ரெண்டு அச்சு வெல்லமோ போட்டுத் தருவார்கள் என்று நினைத்துச் சொன்னது. சொன்னது நான்தான், மறைக்கவில்லை.

கூழ் ஊற்றி முடிந்ததும் அண்டாவைக் கழுவி, பொரியை நிரப்பித் தூக்கி வந்தார்கள். கண்மாய்க் கரையில் காற்று அடித்தது. எட்டிப் பார்த்தார்கள். பொரி இல்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

மறுநாள் சுள்ளிக்குளத்தில் ஊர் கூடியது.

"காத்துக்குப் பறக்காத சாமானா வைக்கணும்," என்றான் காத்தமுத்து. "உள்ள ஒரு குண்டானை வைப்போம்."

"குண்டான் வெறுசா இருக்கே?" என்றான் சங்கிலிமுத்து.

"அப்ப குண்டானுக்குள்ள ஒரு தூக்குவாளி."

தூக்குவாளியும் வெறுசாக இருந்தது. அதற்குள் உழக்கை வைத்தார்கள். உழக்குக்குள் குங்குமச் சிமிழை வைத்தார்கள். சிமிழைத் திறந்து பார்த்தால் குங்குமம் தீர்ந்து நாலு நாளாகியிருந்தது.

"போச்சு! ஒரு வெறும் பாத்திரத்துக்கே பயந்தோம். இப்ப அஞ்சு!" என்று சங்கிலிமுத்து தலையில் கை வைத்தான்.

யாருக்கும் குங்குமம் வாங்கத் தோன்றவில்லை. தோன்றினால் அது வேறு ஊர்.

"உள்ள ஒரு ஆளை உட்கார வச்சா?" என்றான் காத்தமுத்து.

"ஆளு வெறுசா இருந்தா?"

"சாப்பிட வச்சுத்தானே ஏத்தப் போறோம்!"

ஊரிலேயே அகலமான உடையப்பனுக்குச் சோறு போட்டு அண்டாவில் இறக்கி, கல்யாணத்துக்கு முதல் நாள் என் முற்றத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்கள்.

"இறங்குப்பா, உலை வைக்கணும்," என்றேன்.

"இறங்கினா வெறும் அண்டால்ல? எங்க ஊர் மானம் என்னாகுறது?"

"நான் அரிசி போட்டுக்கிறேன்டா."

"அது உங்க அரிசி. எங்க ஊர் போட்டது நான்தான்."

நாலு பேர் சேர்ந்து இழுத்தும் அவன் வரவில்லை. கல்யாணச் சோற்றைப் பதினோரு சட்டியில் வடித்தோம். சம்பந்தி வீட்டாரில் பாதிப் பேர் சோறு வராத இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். உடையப்பன் முதல் பந்தியிலேயே, அண்டாவில் இருந்தபடி சாப்பிட்டான். பாயசம் ரெண்டு தரம்.

ஐப்பசியில் சங்கிலிமுத்து ஆட்களோடு வந்தான். "அண்டாவைக் குடுத்து ரெண்டு மாசமாச்சு. எங்க ஆளை எப்பத் திருப்பித் தருவீங்க?"

"இப்பவே தூக்கிட்டுப் போ!"

அவன் உடையப்பன் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். முகம் சுருங்கியது. "வெறும் வயித்தோடயா? வழக்கம் சொன்னதே நீங்கதானே பெரியவரே?"

சோறு வடித்துப் போட்டேன். உடையப்பன் வயிறு நிறைந்து, ஒரு வழியாக இறங்கினான். ரெண்டு மாதம் கழித்து அண்டாவின் அடியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாலு மைல் நடக்கணும்," என்றான் காத்தமுத்து. "கண்மாய்க் கரையிலயே இவனுக்குச் செரிச்சிட்டா?"

வழியில் கொடுக்க மிச்சச் சோற்றையும் கேட்டார்கள். தொலையட்டும் என்று உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அதை என் அண்டாவிலேயே கொட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது தை பிறந்துவிட்டது. அண்டா வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டேன். கழுவி, உடையப்பனை ஏற்றித் தயாராகத்தான் வைத்திருக்கிறார்களாம். போன தடவை ஓர் ஆளோடு நிறுத்தியதில்தான் எனக்கு வருத்தம் என்று நினைத்து, இந்தத் தடவை ரெண்டு பேராக அனுப்பப் போகிறார்களாம். உடையப்பன் இறங்கி வழிவிட்டால்தான் இன்னொருவன் ஏற முடியும். அவன் இறங்கினால் அண்டா வெறுசாகிவிடுமாம்.