பாதி விலைத் தோஷம்

தென்னந்தோப்போடு தோட்டத்து வீடு விலைக்கு வந்ததும், மில் முதலாளி மருதாசலம் வாஸ்துக்காரரோடு காரில் வந்து இறங்கினார். வாஸ்துக்காரர் வாசலில் காம்பஸை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தெக்கு வாசல்! குடியேறுற குடும்பமே நாசமாப் போயிரும்."

"பாதி விலைன்னா எடுத்துக்கறேன்" என்றார் முதலாளி.

தோட்டத்தை விற்றே ஆகவேண்டிய நாச்சிமுத்து தலையாட்டப் போனார். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த வேலைக்காரி மாரக்காள்தான் எழுந்தாள்.

"ஏனுங்க, பாதி விலைக்கு வாங்குனா பாதிக் குடும்பந்தான் நாசமாகுமுங்களா?"

மாரக்காள் நாச்சிமுத்துவிடம் திரும்பினாள்.

"அந்தப் பாவம் நமக்கு வேண்டாமுங்க" என்று 'விற்பனைக்கு' பலகையைப் பிடுங்கப் போனாள்.

"அட, இரு அம்மிணி!" முதலாளி ஓடிவந்து பலகையைக் கட்டிப்பிடித்தார். "முழு விலையே தர்றேன்!"

"அப்ப தோசமுங்க?"

எல்லோரும் வாஸ்துக்காரரைப் பார்த்தார்கள். அவர் காம்பஸை ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்பப் பாத்தா கிழக்கு வாசலாட்டந்தான் தெரியுது."