தவிட்டான் ஏன் ஓடவில்லை

"ஓடுங்கள்!"

கிளைக்கொம்பன் முன்னங்காலால் தரையை மூன்று முறை தட்டினான். பின்னால் மேட்டில் நிற்கும் காவல் மான் தரையைத் தட்டினால் ஆபத்து என்று பொருள். குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புள்ளிமான்கள் சிதறி ஓடின.

தவிட்டான் மட்டும் ஓடவில்லை. கால்களை மடக்கிப் படுத்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான்.

நாவல் மரத்திலிருந்த மந்தி அலறியது. "டேய் தவிட்டான்! எழுந்திருடா! சிறுத்தைடா!"

அவன் அசையவில்லை.

புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது. மான் ஓடும் என்று கணக்குப் போட்டு நாலடி தள்ளிப் பாய்ந்திருந்தது. அதனால் தவிட்டானின் முதுகைக் கீறிக்கொண்டு சேற்றில் போய் விழுந்தது. எழுந்து திரும்பிப் பார்த்தது. மான் அங்கேயே கிடந்தது.

"என்ன இது! நோய் பிடித்த கறியா, வேடன் வைத்த பொறியா?" சிறுத்தைக்கே பயம் வந்துவிட்டது. சேற்றை உதறிக்கொண்டு வந்த வழியே போனது.

மான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கிளைக்கொம்பனுக்கு மூச்சு இரைத்தது.

"செத்திருப்பாயேடா! நான் தட்டியது காதில் விழவில்லையா?"

"விழுந்தது," என்றான் தவிட்டான். "அதனால்தான் படுத்தேன்."

"என்ன உளறுகிறாய்!"

"குட்டியாக இருந்தபோது நீயும் உன் கூட்டாளிகளும் தினமும் என் பின்னால் வந்து இப்படித்தான் தட்டுவீர்கள். பிறகு முட்டிச் சேற்றில் தள்ளுவீர்கள். ஓடினால் துரத்தித் துரத்தி முட்டுவீர்கள். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவீர்கள்."

"அது விளையாட்டுடா! எனக்கு நினைவுகூட இல்லை!"

"இன்று படுத்தபோது நானும் அதை நினைக்கவில்லை. சிறுத்தை என்று தெரிந்தது. ஓடத்தான் பார்த்தேன். கால்கள் மடங்கிவிட்டன." தவிட்டான் முதுகை நக்கிக்கொண்டான். "பின்னால் சருகு விழுந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் தனியாக மேய்கிறேன். நீங்கள் திமிர் பிடித்தவன் என்கிறீர்கள்."

மரத்து மந்தி வாலைச் சுருட்டிக்கொண்டது.

"அப்போதெல்லாம் நான் மேலேயிருந்து பார்த்தேன்," என்றது. "சிரிக்கவும் செய்தேன்."

கிளைக்கொம்பன் தன் முன்னங்காலையே பார்த்தான்.

"நாளைக்கும் சிறுத்தை வருமேடா. அப்போது என்ன செய்வாய்?"

"தெரியாது."

மறுநாளும் கிளைக்கொம்பனுக்குத்தான் காவல். மான்கள் குளத்தில் இறங்கின. தவிட்டான் எல்லோருக்கும் கடைசியில், ஒரு காதைப் பின்னால் திருப்பியபடி குனிந்தான். கிளைக்கொம்பன் மேட்டில் ஏறவில்லை. குளத்தைச் சுற்றிப் போய், தவிட்டான் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில், எதிர்க்கரையில் நின்றான்.

சிறு வயதில் வதைத்தவர் அதை விளையாட்டென்று மறந்துவிடலாம், வதைபட்டவரோ வளர்ந்த பின்னும் அதற்குள்ளேயே வாழ்கிறார்.