சர்க்கரை மிகுந்த பை

சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகும் வடிவாம்பிகை அம்மை மடத்தின் தலைமையைக் கைவிடவில்லை. சர்க்கரை கலந்த மருந்துநீரைப் பையிலிருந்து வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் கழித்து வடித்தால், உடம்பில் தேங்கிய நீரைச் சர்க்கரை இழுத்துக்கொள்ள, கழிவும் அதனோடு வெளியேறும். அந்தப் பணி, அம்மையைவிட வயதில் மூத்த சீடர் திருவம்பலத்தினுடையது.

வருபவர் கொண்டுவரும் பானகத்தில் ஒரு மிடறேனும் அருந்திய பிறகே மடத்தின் தலைவர் ஆசி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அம்மை அருந்தினார், கால் வீங்கியது. திருவம்பலம் சர்க்கரை மிகுந்த பையை மாட்டினார், வீக்கம் வடிந்தது. அவசரத்துக்கு மட்டும் என்று மருத்துவர் சொல்லிக் கொடுத்த பை அது. அவர் அதை அன்றாடப் பையாக்கிவிட்டு, அம்மையிடம் மூச்சு விடவில்லை.

குருபூசைக்கு முதல் நாள் அந்தப் பையும் நீரை இழுக்கத் தவறியது. திருவம்பலம் வேறு வழியின்றி நடந்ததைச் சொன்னார். "பையின் வீரியம் குறைந்துவிட்டதோ, அம்மையே?"

"பைக்கு என்ன குறை? வயிற்றுச் சவ்வில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சர்க்கரை நாளும் வதைத்திருக்கிறது. அவற்றின் சுவர் தடித்துவிட்டது. வேண்டாத குழாய்கள் வேறு முளைத்துவிட்டன. உள்ளே விடும் சர்க்கரையை அவையே விரைந்து உறிஞ்சிக்கொண்டால், நீரை இழுக்க என்ன மிஞ்சும்? இதற்குத்தானே மருத்துவர் எச்சரித்தார்?"

"வழக்கத்தைக் காக்கவே செய்தேன்."



மறுநாள் சபை நிறைந்திருந்தது. அரிசி ஆலை முதலாளி ஞானவடிவேல் பானகச் சொம்பை நீட்டினார். அம்மை அதை வாங்கித் திருவம்பலத்தின் கையில் வைத்தார்.

"குடியும்."

"நானா?"

"பழுதில்லாத சிறுநீரகம் உமக்கு இரண்டு இருக்கின்றனவே. முழுவதையும் குடியும்."

முதலாளியின் முகம் சிவந்தது. "அம்மை வாய் வைக்காத பானகத்துக்கு ஆசி ஏது? இவர் யார் இதைக் குடிக்க?"

"என் வயிற்றுக்குள் என்ன போக வேண்டும் என்று என்னைக் கேளாமலே தீர்மானித்தவர். இனி உங்கள் பானகத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். ஆசி என் வாயிலிருந்து வரும். வாய் வறண்டிருந்தாலும் வரும். வேண்டாமென்றால் சொம்போடு போகலாம்."

ஞானவடிவேல் போகவில்லை, தலை தாழ்த்தினார். அவருக்குப் பின்னால் வாசல்வரை சொம்புகள் நின்றன. திருவம்பலம் ஒவ்வொன்றாகக் குடித்தார். வயிறு உப்பி மூச்சு முட்டியபோது மெல்லக் கேட்டார்.

"தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் இன்று முறிந்துவிட்டதே, அம்மையே?"

"முறிந்ததை நாளைக்கே ஒட்டவைக்க இத்தனை பேர் நிற்கிறார்கள். தடித்துப்போன குழாயை மெலிய வைக்க இவர்களில் ஒருவருக்காவது கைவருமா? அடுத்த சொம்பை வாங்கும்."