தூசி படாத கப்பல்

"இந்த வீட்டுக் காபியில மணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." நேற்று சொன்னதையே இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் சொல்லி, டம்ளரைத் தள்ளி வைத்தார் தணிகாசலம்.

"கடையை மாத்தியாச்சு, பாலை மாத்தியாச்சு. இனி மாத்த பெண்டாட்டிதான் பாக்கி," என்றாள் கோகிலம். சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்கு உள் அறைதான் உலகம். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் பெயிண்ட் அடித்துக் குட்டிக் கப்பல் செய்கிறார். சொல்லிக்கொடுக்கிற ரெஜினாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று குரு வீட்டுக்கே வந்தாள். அறைக் கதவைத் திறந்தவள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மேஜைமேல் பெயிண்ட் கரைக்கிற தின்னர் கிண்ணம் மூடாமல் கிடந்தது.

"ஜன்னலைத் திறந்து வைங்கன்னு முதல் நாளே சொன்னேனே சார். மாஸ்க் எங்கே?"

"மாஸ்க் போட்டா கண்ணாடி மங்குது. ஜன்னலைத் திறந்தா ஈரப் பெயிண்ட்ல தூசி ஒட்டுது. தூசி படாம முடிக்க ஒரு வழி சொல்லுங்க குருவே."

"கப்பலுக்குத் தூசி ஆகாதாம்மா. மத்தவங்களுக்கு எது ஆனா என்ன," என்றாள் கோகிலம்.

"தின்னர் நெடி எப்படி சார் தாங்குறீங்க?"

"முன்னாடிதான் நெடி. இப்ப வர்ற தின்னர்ல வாடையே கிடையாது."

"எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு அப்புறம்."

கோகிலம் நிமிர்ந்து பார்த்தாள். காபிச் சண்டை தொடங்கியதும் தீபாவளிக்கு அப்புறம்தான்.

ரெஜினா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முதலில் வாங்கித் தந்த அதே தின்னர். கிண்ணத்தை மூடினாள். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அவரைக் கூடத்தில் உட்காரவைத்தாள். கோகிலத்தின் காதில் ஏதோ சொன்னாள். காலையில் அரைத்து வந்த காபிப் பொடி டப்பாவைக் கோகிலம் கொண்டுவந்தாள்.

"கண்ணை மூடிக்குங்க சார். இது என்னன்னு மோந்து சொல்லுங்க."

மூடியைக் கழற்றிக் கோகிலத்திடம் கொடுத்துவிட்டு, டப்பாவை அவர் மூக்கருகே பிடித்தாள். கூடமெல்லாம் மணந்தது.

தணிகாசலம் இழுத்து மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். பிறகு, பரீட்சையில் தந்திரம் கண்டுபிடித்தவர் போலச் சிரித்தார்.

கோகிலம் தன் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல மூடியைத் திறங்க குருவே," என்றார் கண்ணைத் திறக்காமலே.