செந்தலை வாத்துக்கு ஒரு நாணல்காடு

விடிந்தும் விடியாத வேளையில் பனி வந்து படுத்துக்கொள்ளும் குளம் ஒன்று காட்டுக்குள் இருந்தது. அதில் நீராள் என்றொரு புள்ளிமூக்கு வாத்து வாழ்ந்தது. அந்த ஆண்டு கொட்டிய பேய்மழை நீராளின் முட்டைகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பாவம், வெறும் கூட்டையே அது சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் குளத்துத் தலைவரான கொழுவன் என்ற நீர்நாய் எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டது. அதன் பக்கத்தில் இழையன் என்ற தூக்கணாங்குருவி உட்கார்ந்திருந்தது. பின்னல் வேலையில் இழையனை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

கொழுவன் தொண்டையைச் செருமியது. “இந்தக் குளத்தில் ஒரு காலத்தில் செந்தலை வாத்துகள் இருந்தன. தாமரை மொட்டின் நிறத்தில் தலை! என் முன்னோர்கள் அவற்றின் முட்டைகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்தார்கள். அந்தப் பழி என் குடியின் மேல் கிடக்கிறது. அதை நான் துடைக்கப் போகிறேன்!”

“செத்து மண்ணானதை எப்படித் தலைவரே கொண்டுவருவது?” என்று கேட்டது ஆமை.

இழையன் ஒரு பழைய இறகைத் தூக்கிக் காட்டியது. “இது சேற்றுக்கடியில் கிடைத்தது. ஒவ்வோர் இறகுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் உண்டு. அந்த உயிர் எப்படி இருக்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கும். இந்த நூல் அங்கங்கே இற்றுப்போயிருக்கிறது. இற்ற இடத்தில் நீராள் அக்காவின் நூலை எடுத்து முடிச்சுப் போடுவேன். அதை ஒரு முட்டைக்குள் வைத்துவிட்டால் போதும்!”

“நீ வைத்துவிடுவாய். அடைகாப்பது யார்?” என்றது ஆமை.

எல்லோருடைய கண்ணும் நீராளின் மேல் விழுந்தது. நீராள் தன் வெறும் கூட்டைத் திரும்பிப் பார்த்தது.

“நான் காக்கிறேன்” என்றது.

சில நாளில் நீராள் மறுபடி ஒரு முட்டை இட்டது. இழையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் ஊசி அலகால் அந்த நூலை உள்ளே வைத்து மூடியது.

அந்த முட்டையின் மேல் உட்கார்ந்தாலே நீராளுக்குக் கண் சொருகும். பிறகு ஒரே கனவு வரும். பச்சை வெளிச்சம். தலைக்கு மேல் உயர உயரமாய் நாணல். காற்று வந்து அதைக் கோதிவிட்டுப் போகும். அதற்குள்ளே யாரும் பார்க்க முடியாத தண்ணீர். நீராள் தன் ஆயுளில் அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண் விழிக்கும்போது மனசு இனித்துக் கிடக்கும். ‘இது என் கனவு இல்லை. முட்டையின் கனவு’ என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரு காலையில் ஓடு வெடித்தது. குஞ்சுக்கு மொட்டு என்று பெயர் வைத்தார்கள். வளர வளர அதன் தலை சிவந்தது.

குளமே திரண்டு வந்தது. “ஆகா! என்ன அழகு! என்ன அழகு!” முயலும் மானும் காடு கடந்து வந்து எட்டிப் பார்த்தன. கொழுவனுக்குத் தலைகால் புரியவில்லை. “பழி தீர்ந்தது! அடுத்து இன்னும் பத்து செய்வோம்!” என்று குதித்தது.

ஆமை மட்டும் முணுமுணுத்தது. “நம் குளத்தில் மிஞ்சிய கடைசி இரண்டு குருகுப் பறவைகள் கூடு கட்ட இடமில்லாமல் தவிக்கின்றன. இருக்கிறதைப் பார்க்க ஆள் இல்லை!” யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மொட்டு சரியாகத் தின்னவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் ஓர் அல்லி இலைக்கடியில் தலையை நுழைத்துக்கொள்ளும். உடம்பு முழுக்க வெளியே தெரியும்.

“என்னடி கண்ணே, எதைத் தேடுகிறாய்?” என்று நீராள் கேட்கும்.

“தெரியவில்லை அம்மா. ஏதோ ஒன்று இங்கே இல்லை.”

ஒரு நடுப்பகலில் வானத்திலிருந்து பருந்து இறங்கியது. வெட்டவெளித் தண்ணீரில் அந்தச் சிவப்புத் தலை தணல்போலத் தெரிந்தது. மொட்டு அங்கும் இங்கும் ஓடியது. ஒளிய ஒரு மறைவும் இல்லை! நீராள் பாய்ந்து மொட்டை மூடிக்கொண்டது. பருந்தின் நகம் நீராளின் சிறகைக் கிழித்தது. ஆமையும் கொழுவனும் தண்ணீரை அடித்துக் கலக்கியதால்தான் பருந்து விட்டுப் போனது.

அம்மாவின் ரத்தம் கலந்த தண்ணீரில் மொட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. “அம்மா, என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? இங்கே எனக்கென்று ஓர் இடமும் இல்லையே!”



நீராள் வலியோடு தலையை நிமிர்த்தியது. “அடைகாக்கும்போது தினமும் கனவில் ஒரு நாணல்காட்டைப் பார்த்தேன். தலைவரே, அது எங்கே போயிற்று?”

கொழுவன் தரையைப் பார்த்தது. “வெயில் காய இடம் வேண்டும் என்று, நீ பிறப்பதற்கு முன்பே நாங்கள்தான் மிதித்து அழித்தோம்.”

“கூடு பின்ன மிச்சத்தைக் கிழித்தது நாங்கள்” என்றது இழையன். “நூலில் இருந்ததை எல்லாம் எண்ணிப் படித்தேன் அக்கா. அது எங்கே வாழும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை!”

“அப்படியென்றால் இன்னொரு முட்டை வேண்டாமா?” என்றது கொழுவன்.

“அதை மொட்டிடம் கேளுங்கள்!” என்றது நீராள்.

மொட்டு அம்மாவின் கிழிந்த சிறகைப் பார்த்தது. “எனக்குத் துணை வேண்டும்தான். தனியாக இருக்க முடியவில்லை. ஆனால் இந்த வெட்டவெளிக்கு இன்னொருவரைக் கூப்பிடாதீர்கள்!”

மறுநாளே நீராள் புறப்பட்டது. சிறகு கிழிந்திருந்ததால் பறக்க முடியவில்லை. தத்தித் தத்தி நடந்து, தூரத்து ஓடைக்குப் போய், ஒரு நாணல் கிழங்கை வாயில் கவ்விக்கொண்டு வந்து கரையோரச் சேற்றில் ஊன்றியது. அடுத்த நாள் கொழுவன் தன் கூட்டத்தோடு பின்னாலே வந்தது. இழையன் இளந்தளிர்களைச் சாயாமல் கட்டிக்கொடுத்தது.

மூன்று மழை போயிற்று. மூன்று மழையும் மொட்டு துணையில்லாமல்தான் காத்திருந்தது. நாணல் தலைக்கு மேல் எழும்பியதும் முதலில் அந்த இரண்டு குருகுகள் வந்து கூடு கட்டின. நாலாம் மழையில்தான் இழையன் அடுத்த நூலைத் தொட்டது. நீராள் அடைகாத்தது.

அதன் பிறகு ஒருநாள் கொழுவன் மூச்சிரைக்க ஓடி வந்தது. “நீராள், நீராள்! பக்கத்துக் காட்டிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். நாலு நாளாகத் தேடியும் ஒரு சிவப்புத் தலைகூடக் கண்ணில் படவில்லையே!”

பனி விலகிக்கொண்டிருந்தது. நாணலைக் காற்று மெல்லக் கோதிவிட்டது. நீராள் கண்ணை மூடிச் சிரித்தது.

“கண்ணில் படவில்லையா? அப்படியானால் சௌக்கியமாக இருக்கிறார்கள் தலைவரே!”

போன உயிரைத் திரும்பக் கூப்பிட நினைப்பவர், அது வந்து வாழ ஓர் இடத்தை முதலில் செய்துவைக்க வேண்டும்.